எடுக்காமல் விட்ட வகுப்பு

ஓடைக்கரைப்பட்டி
14.7.2024

மதிப்பிற்குரிய சுகிர்தா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். விருதுநகர் பயிற்சியில் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சின்னத்தாய் எழுதுகிறேன். சிவகாசி வட்டத்தில் ஓடைக்கரைப்பட்டி ஊர்ப்புற நூலகம்.

கடைசி நாளில், "மாசம் ஒரு கடிதம் எழுதுங்க. வாட்ஸ்அப் வேண்டாம். அதுல எல்லாரும் பிள்ளைகளை வரிசையா நிக்க வச்சுப் போட்டோ எடுத்துத்தான் அனுப்புவீங்க" என்று சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் என் போனில் இன்றைக்கும் அப்படி நாற்பது போட்டோ இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருசமாக இந்த வேலையில் இருக்கிறேன். பேப்பர் படிக்க வருகிற ஆம்பளையாட்களுக்காகத்தான் திறக்கிறோம் என்று நினைத்திருந்தேன். பிள்ளைகள் வந்தால், "சத்தம் போடாதீக" என்பேன். அதைத் தவிர வேறு ஒன்றும் நான் அவர்களுக்குச் செய்ததில்லை. பயிற்சிக்கு வந்தபோதுகூட, வயதில் என்னைவிடப் பதினெட்டு வருசம் சின்னப் பிள்ளை என்னத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறது என்றுதான் வந்தேன். மன்னிக்கவும்.

இப்போது இரண்டு கோரைப்பாய் விரித்திருக்கிறேன். படப்புத்தகங்களை எல்லாம் பூட்டின அலமாரியிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி, "எத்தனாவது படிக்கே? என்ன மார்க்கு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தின பிறகுதான் தெரிந்தது, பிள்ளைகளிடம் கேட்பதற்கு எனக்கு வேறு பேச்சே இல்லை என்று. இரண்டு நாள் ஊமை மாதிரி இருந்தேன். மூன்றாவது நாள் சினேகா என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை தானாகவே வந்து, "அக்கா, எங்க வீட்டுக் கோழி ஒத்தக் கண்ணு" என்றது. அங்கிருந்து ஆரம்பித்தோம்.

சினேகாவைக் கூட்டிப்போக அவள் அக்கா மாரிசெல்வி வருவாள். பதினொன்றாம் வகுப்பு. வாசலிலேயே நிற்பாள். "உள்ள வா" என்றால், "எனக்குப் புக்கு படிக்கிற பழக்கம் இல்லக்கா" என்பாள். "படிக்க வேண்டாம், ஃபேன் ஓடுது, உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். நாலாம் நாள் மனித உடம்பு பற்றிய ஒரு பழைய புத்தகத்தை எடுத்து எலும்புகளின் பெயரை எல்லாம் நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள். நர்சிங் படிக்க ஆசையாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். என்னிடம்தான் முதலில் சொல்கிறாளாம்.

ஒரே ஒரு குறை. மூன்றாம் நாள் கடைசி வகுப்பு, "ரகசியமும் பாதுகாப்பும்" என்று அட்டவணையில் போட்டிருந்தது, நடக்கவே இல்லை. சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டுவிட்டது. நோட்டில் தலைப்பு மட்டும் எழுதியிருக்கிறேன். கீழே வெறும் பக்கம்.

இப்படிக்கு,
சின்னத்தாய்


சென்னை
22.7.2024

அன்புள்ள சின்னத்தாய் அக்காவுக்கு,

அக்கா என்று கூப்பிடலாம்தானே? முப்பத்தெட்டுப் பேருக்குப் பயிற்சி கொடுத்தேன். கடிதம் எழுதியது ஐந்து பேர். அதில் கோழிக்கு ஒற்றைக் கண் என்று எழுதியது நீங்கள் ஒருவர்தான். அலுவலகத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நானும் சிவகாசிக்காரிதான். பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் நூலகத்துக்குப் போனதில்லை. எங்களுக்கு வாங்கித் தர ஆள் இருந்தது. நூலகம் யாருக்கு உண்மையில் தேவையோ அவர்களைப் பற்றி நான் புத்தகத்தில்தான் படித்தேன். நீங்கள்தான் பார்க்கிறீர்கள்.

மாரிசெல்வியை விடாதீர்கள். அந்த வயதுப் பிள்ளைகளை நூலகத்துக்குள் வரவைப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது. சின்னப் பிள்ளைகளுக்குக் கதை போதும். பதினாறு வயதுக்கு, தன்னைக் கேள்வி கேட்காத ஒரு பெரிய மனுசி வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்காத அது உங்களிடம் கிடைத்திருக்கிறது.

விட்டுப்போன வகுப்பை இன்னொரு முறை வரும்போது எடுக்கிறேன். அதுவரை ஒன்றை மட்டும் அந்த வெறும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பிள்ளை உங்களிடம் சொன்னது உங்களோடு இருக்கட்டும்.

அன்புடன்,
சுகிர்தா


ஓடைக்கரைப்பட்டி
18.8.2024

சுகிர்தா மேடம் அவர்களுக்கு,

சுதந்திர தினத்துக்கு நூலகத்தில் முப்பத்தோரு பிள்ளைகள். போட்டோ எடுக்கவில்லை.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். மாரிசெல்வி மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறாள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாள், சினேகாவைப் பாயில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். சாயங்காலம்தான் திரும்புகிறாள். போன வாரம் வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்: "அக்கா, எங்கம்மா கேட்டா நான் இங்கனதான் இருந்தேன்னு சொல்லிருங்க. தப்பான காரியத்துக்குப் போகல. சத்தியமா."

 இந்த வயதில் வேறு என்னவாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவள் அம்மா முத்துப்பேச்சி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை பார்க்கிறாள். ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என்னைப் பார்த்துவிட்டாள். "எங்க மூத்தவ ஞாயித்துக்கிழமை பூராவும் ஒங்ககிட்டத்தான் கெடக்காளாம்ல. கெடக்கட்டும்க்கா. நம்மளத்தான் படிக்க வைக்க ஆளில்லாமப் போச்சு" என்றாள். நான் சிரித்தேன். சிரிப்பதும் பொய் சொல்வதும் ஒன்றுதானா மேடம்?

சின்னத்தாய்


சென்னை
26.8.2024

அன்புள்ள அக்கா,

பொய் சொல்லாதீர்கள். காட்டியும் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதில் நில்லுங்கள். நீங்கள் அம்மாவிடம் சொன்ன மறுநாள் அவள் நூலகத்துக்கு வர மாட்டாள். அதோடு உங்களுக்கு அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போய்விடும்.

அவளிடமே கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உறுதி சொல்லிவிட்டுக் கேளுங்கள். காதலாக இருந்தால் இருக்கட்டுமே. பயந்துகொண்டு போகிறாளா, சந்தோசமாகப் போகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

சுகிர்தா


ஓடைக்கரைப்பட்டி
9.9.2024

சுகிர்தா மேடம்,

மூன்று முறை உங்களுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பயணத்தில் இருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன், பார்த்ததும் பதில் போடவும்.

நீங்கள் சொன்னபடியே, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். கேட்கும்போது அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் பட்டாசு மருந்து ஒட்டி, ஈயம் பூசினாற்போல இருந்தது. இந்த ஊரில் பிறந்த எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. காதலும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் பால்பாண்டி என்பவனின் தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே சரவெடி பின்னுகிறார்கள். சரவெடிக்குத் தடை வந்த பிறகு கம்பெனிகளுக்குள் பின்னுவதில்லை. இப்படி ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கொடுத்துவிடுகிறார்கள். தீபாவளி சீசன், ஆள் பற்றவில்லை. "நர்சிங் சேர மதுரைக்குப் போகணும்க்கா. அப்பாட்ட கேட்டாக் கல்யாணம்பாரு. நானே பணம் சேத்துக்கிட்டேன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல" என்கிறாள்.

நேற்று நூலகத்தைப் பூட்டிவிட்டு நானே போய்ப் பார்த்தேன். பதினோரு பேர். அதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று. கொட்டகைக்கு ஒரே வாசல். அந்த வாசலை ஒட்டியே பின்னி முடித்த சரங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார்கள். பெட்டிமேல் ஒட்டுகிற லேபிள் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. ஊஞ்சலில் ஒரு சின்னப் பாப்பா ஆடுகிற படம். எந்தக் கம்பெனி என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சிவகாசி, விசாரித்தால் தெரியும். கம்பெனிக்காரர்களிடம் பேசி நிறுத்தலாம் அல்லவா?

பிள்ளைகள் ஆபத்தில் இருந்தால் 1098-க்குக் கூப்பிடச் சொல்லி நூலகச் சுவரில் நோட்டீஸ் இருக்கிறது. நான்தான் ஒட்டினேன். இன்று அந்த நம்பரைப் போட்டேன். எடுத்துப் பேசினார்கள். நான் பேசாமல் வைத்துவிட்டேன். ஊரில் பாதி வீட்டில் இந்த வேலையில்தான் உலை கொதிக்கிறது. நான் சொன்னேன் என்று தெரிந்தால் நூலகத்துக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அதைவிட, அவளுக்குக் கொடுத்த வாக்கு.

என்ன செய்ய என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

சின்னத்தாய்


சென்னை
30.9.2024

அக்கா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கொட்டகை விசயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை யாரிடமும் பேச வேண்டாம்.

சுகிர்தா


ஓடைக்கரைப்பட்டி
24.10.2024

சுகிர்தா அவர்களுக்கு,

செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஓடைக்கரைப்பட்டி, மூன்று பெண்கள். செய்தியில் வராததை எழுதுகிறேன்.

உங்கள் பதிலுக்காக இரண்டு ஞாயிறு காத்திருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. செப்டம்பர் இருபத்தேழாம் தேதி, ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கிய முத்துப்பேச்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவள் மகளைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தூக்குவாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நான் பாத்துக்கிடுறேன்க்கா. நீங்க கவலப்படாதீக. அவ அங்கன போக மாட்டா" என்றாள். ஆறு நாள் கழித்து உங்கள் கடிதம். அதிலும் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தது. இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

முத்துப்பேச்சி பார்த்துக்கொண்டது எப்படி என்று சொல்கிறேன். மகளிடம், "நர்சுக்குப் படிக்கணும்னா என்கிட்டச் சொல்றதுக்கு என்னடி? நீ லைப்ரரில போயி உக்காரு. ஒன் எடத்துல நான் உக்காந்துக்கிடுறேன்" என்று சொல்லியிருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் தீப்பெட்டி ஆபீஸ், ஏழாவது நாள் கொட்டகை. நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "என்ன முடிவு பண்ணுனே முத்துப்பேச்சி?" என்று போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

அக்டோபர் பதிமூன்று. நூலகத்தில் ஒன்பது பிள்ளைகள். மாரிசெல்வி என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பாயில் சினேகா. பதினொன்றே முக்காலுக்குச் சத்தம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சத்தத்தை வைத்தே எது சோதனை வெடி, எது விபத்து என்று தெரியும். எட்டு வயதுப் பிள்ளை தலையைத் தூக்கி, "அக்கா, இது வேற சத்தம்" என்றது. மாரிசெல்வி எழுந்து ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் முத்துப்பேச்சி இரண்டு நாள் இருந்தாள். என்னை உள்ளே விடவில்லை.

துக்க வீட்டில் மாரிசெல்வி என்னைப் பார்த்தாள். சத்தமே போடவில்லை. "சொல்ல மாட்டேன்னுதானக்கா சொன்னீக?" என்றாள். அவ்வளவுதான்.

நீங்கள் எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

சின்னத்தாய்


சென்னை
8.11.2024

சின்னத்தாய் அக்காவுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

அந்த லேபிளில் ஊஞ்சல் ஆடுகிற பாப்பா நான்தான்.

எனக்கு நாலு வயதில் எடுத்த படம். மகள் பெயரில் ஒரு சரக்கு இருக்கட்டும் என்று அப்பா அச்சடித்தார். இருபத்தைந்து வருசமாக ஓடுகிறது. அந்தக் கம்பெனி முதலாளி காசிராஜன் என் அப்பா. பயிற்சியில் உங்களுக்கெல்லாம் பையும் மதியச் சாப்பாடும் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினாரே, அந்தச் சிறப்பு விருந்தினர். அவர் என் அப்பா என்று அங்கே நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி வகுப்பு நேரம் இல்லாமல் விட்டுப்போகவில்லை அக்கா. அரை மணி நேரம் மீதி இருந்தது. அந்த வகுப்பில் சொல்ல வேண்டியது இதுதான்: பிள்ளை சொன்னதை ரகசியமாக வைத்திருங்கள், ஆனால் பிள்ளையின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது, அந்த நிமிடமே உரியவர்களிடம் சொல்ல வேண்டும், சொல்லப் போகிறேன் என்று பிள்ளையிடமும் சொல்லிவிட வேண்டும். அதற்கு உதாரணமாக என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தது, பட்டாசுக் கொட்டகையில் வேலை செய்கிற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை. நான் மேடையேறியபோது அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வகுப்பை விட்டுவிட்டு நன்றியுரை சொல்லிவிட்டேன்.

பிறகு நீங்கள் கேட்டபோது, சொல்லாதே என்ற பாதியை மட்டும் எழுதினேன். உங்கள் மூன்று அழைப்பையும் பார்த்தேன். உங்கள் கடிதத்தில் ஊஞ்சல் என்று படித்த பிறகு திருப்பிக் கூப்பிடவில்லை. பதினைந்து நாள் கழித்துத்தான் அப்பாவுக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் ஏஜென்ட் கொடுக்கிறதும்மா, எனக்குத் தெரியாது. சீசன் முடியட்டும், நிப்பாட்டிருதேன்" என்றார். நான் சரி என்றேன். சீசன் முடியட்டும் என்றதற்குச் சரி என்றேன். அதைத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்களுக்கு எழுதினேன்.

கோட்டாட்சியர் விசாரணை நடக்கிறது. கொட்டகைக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இருப்பதாக எந்தக் காகிதமும் இல்லை என்கிறார்கள். ஒரு காகிதம் இருக்கிறது. உங்கள் செப்டம்பர் ஒன்பதாம் தேதிக் கடிதம். அதை வாக்குமூலத்தோடு கொடுக்க நினைக்கிறேன். கொடுத்தால் விபத்துக்கு ஒரு மாதம் முன்பே எனக்குத் தெரியும் என்பது வெளியே வரும். உங்களுக்கும் தெரியும் என்பது வரும். உங்கள் சம்மதம் இல்லாமல் கொடுக்க மாட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

சுகிர்தா


ஓடைக்கரைப்பட்டி
24.11.2024

சுகிர்தாவுக்கு,

கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு இது போனால் இன்னொரு வேலை. உங்கள் அப்பாவுக்கு ஒரு வக்கீல். எனக்கு நாற்பத்தேழு வயது, வீட்டுக்காரர் இல்லை, இந்தச் சாவியைத் தவிர என் கையில் ஒன்றுமில்லை. தெரிந்தும் சும்மா இருந்தவள் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் நாளைக்கு இந்த ஊரில் நான் எப்படி நடப்பேன்? பெரிய இடத்துப் பிள்ளைக்கு மனசு உறுத்துகிறது என்பதற்காக நான் ஏன் ஊர் முன்னால் அம்மணமாக நிற்க வேண்டும்?

உங்கள்மேல் எனக்கு எம்புட்டுக் கோபம் இருக்கிறது என்று எழுத முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நம்பினேன் உங்களை. பதினெட்டு வயசு மூத்தவள், நீங்கள் சொன்னதை நோட்டில் எழுதி வைத்து, அதன்படி நடந்தேன்.

நேற்று மாரிசெல்வி வந்தாள். சினேகாவைக் கூட்டிப்போக. பிள்ளை புத்தகத்தை மூடட்டும் என்று வாசலில் நின்றாள். திடீரென்று கேட்டாள்.

"நீங்க எங்கம்மாட்டச் சொல்லாம இருந்திருந்தா நான்தான போயிருப்பேன்?"

"ஆமா" என்றேன்.

"அன்னைக்கு நான்தான உள்ள இருந்திருப்பேன்?"

"ஆமா."

"பெறகு ஏங்க்கா சொன்னீக?"

அவள் பழி போடவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கணக்கில் எங்கே தப்பு வந்தது என்று வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி.  அவள் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பயிற்சியில் இதற்கு என்ன பதில் என்று இருந்தால் எழுதுங்கள்.

சின்னத்தாய்


ஓடைக்கரைப்பட்டி
5.12.2024

சுகிர்தாவுக்கு,

கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

முத்துப்பேச்சிதான் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மருந்தைத் திருடிக்கொண்டு வந்து கொட்டகையில் வைத்திருந்தாள், அதுதான் வெடித்தது என்று பால்பாண்டி ஆட்கள் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் சங்கிலிமுத்துவிடம் அப்படி ஒரு தாளில் கைநாட்டுக் கேட்டு வந்தார்களாம். அவர் போடவில்லை. ஆனால் அவருக்கு எழுத்துத் தெரியாது. நாளைக்கு வேறு என்னவோ என்று சொல்லி வாங்கிவிடுவார்கள். தாளை வாங்கிப் படித்துச் சொன்னவள் மாரிசெல்வி. அவள் அம்மாவைத் திருடி என்று எழுதியிருந்ததை அவளே வாய்விட்டுப் படித்திருக்கிறாள்.

அந்தப் பெட்டிகள் ஒரு மாதம் முன்பே அங்கே இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். என் கையெழுத்தில் இருக்கிறது. கொடுத்துவிடுங்கள். என்னைக் கூப்பிட்டால் நானும் வந்து சொல்கிறேன்.

சின்னத்தாய்


சென்னை
20.1.2025

சின்னத்தாய் அக்காவுக்கு,

நீங்கள் வாக்குமூலம் கொடுத்த அன்று நானும் சிவகாசியில்தான் இருந்தேன். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். நீங்கள் வெளியே வந்தபோது கூப்பிடத் தைரியம் வரவில்லை. மாரிசெல்வி உங்களுக்குப் பின்னால் நாலடி தள்ளி நடந்து வந்தாள். அவள்தான் என்று எனக்குத் தோன்றியது.

அப்பா கைதாகி, ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு எத்தனை வருசம் ஓடுமோ தெரியாது. முத்துப்பேச்சிமேல் சொன்ன திருட்டுக் கதை மட்டும் குற்றப்பத்திரிகையில் இல்லை. அதை உங்கள் கடிதம்தான் துடைத்தது. பால்பாண்டியை இன்னும் தேடுகிறார்கள். அம்மா போனில், "ஒம் போட்டோவ வச்சுத்தானடி ஒன்னய வளத்தோம்" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. தம்பி தருண்குமார் மட்டும் சாப்பிட்டாயா என்று செய்தி அனுப்புகிறான்.

உங்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்குக் காரணம் நான்.

பயிற்சி நடத்துகிற எங்கள் அறக்கட்டளையின் வேலையிலிருந்து விலகிவிட்டேன். பிப்ரவரி இருபத்திரண்டில் சாத்தூரில் இன்னொரு பயிற்சி வைக்கிறார்கள். கடைசி வகுப்பை எடுக்க என்னைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் நான் அருகதை இல்லாதவள். உங்களை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். சம்மதித்திருக்கிறார்கள். என் குறிப்பேட்டுப் பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் கிழித்துப்போடுங்கள்.

மாரிசெல்வி கேட்ட கேள்விக்குப் பதில் எந்தப் பயிற்சியிலும் இல்லை அக்கா. தேடிப்பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சுகிர்தா


ஓடைக்கரைப்பட்டி
2.3.2025

சுகிர்தாவுக்கு,

சாத்தூருக்குப் போய் வந்தேன். இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உங்கள் பக்கங்களை எடுத்துப் போனேன், பார்க்கவில்லை. மேடையில் நின்று பேசத் தெரியாது என்று சொல்லி எல்லாரையும் வட்டமாக உட்காரச் சொன்னேன். இருபத்தாறு பேர். பாதிப் பேர் என்னைவிட இளசு. நடந்ததை நடந்தபடி சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன். மறைக்கவில்லை. என்னையும் மறைக்கவில்லை.

 பிறகு ஸ்ரீமதி என்று ஒரு பிள்ளை, ஆலங்குளம் பக்கத்து நூலகமாம், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, எழுந்து நின்று, "அக்கா, கடைசில நாங்க சொல்லணுமா, சொல்லக் கூடாதா? எங்களுக்குப் புரியல" என்றது.

"சொல்லுங்கம்மா. சொல்லிட்டு வீட்டுக்குப் போயிராதீக" என்றேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சொன்னது தப்பில்லை என்று இப்போது நினைக்கிறேன். சொன்னதும் என் பாரம் இறங்கிவிட்டது பாருங்கள், அதுதான் தப்பு. நான் இறக்கி வைத்த பாரத்தை முத்துப்பேச்சி ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் போயிருக்க வேண்டும். அதற்கு மறுநாளும் போயிருக்க வேண்டும். நம்பரைப் போட்டுவிட்டு வைக்காமல் பேசியிருக்க வேண்டும். ஸ்ரீமதி அதை நோட்டில் எழுதிக்கொண்டது. எழுதும்போது அழுதது.

மெமோவுக்கு உள்ளதை எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன முடிவு வருமோ, வரட்டும். ஊரில் நாலைந்து வீட்டில் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். கொட்டகை போனதில் அவர்களுக்கு வேலை போய்விட்டது. அவர்களையும் குறை சொல்ல முடியாது.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததே நல்லது. உங்கள்மேல் கோபம் வரும்போது என்மேலும் வந்துவிடுகிறது, தனியாகப் பிரிக்க முடியவில்லை. ஆனால் கடிதம் எழுதுவதை நிறுத்த வேண்டாம். இந்தக் கதையை முழுதாகச் சுமக்கிறவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

மாரிசெல்விக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. ஒரு மாதமாக வருகிறாள். எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து படிக்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சினேகாவிடம் சொல்லி அனுப்புகிறாள். "அக்காவுக்குத் தண்ணி வேணுமாம்." "எங்கக்கா லைட்டப் போடச் சொல்லுதா." நான் கொடுக்கிறேன், போடுகிறேன்.

நேற்று சினேகா காய்ச்சல் என்று வரவில்லை. மாரிசெல்வி தனியாகத்தான் வந்தாள். ஐந்தரைக்குப் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "வாரேன்" என்றாள்.

நூலகத்தில் அப்போது என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

சின்னத்தாய்